நாலு பக்கத்தில் ஒரு குடும்பம்

எங்கள் ஊரை இங்குள்ள ஆங்கிலேயர்கள் இன்னமும் 'வில்லேஜ்' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு மருந்துக் கடை, மூன்று பல் வைத்தியர், சனிக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் கிடைக்காத ஒரு பெரிய பலசரக்குக் கடை, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு எல்லாம் வந்த பிறகும் அது அவர்களுக்கு வில்லேஜ்தான். மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில், கர்க்லாண்டைத் தாண்டி, தண்ணீருக்கும் ரயில்பாதைக்கும் நடுவே கிடக்கிற இடம். ஒரு காலத்தில் ஆறு பண்ணையும் ஒரு கல் தேவாலயமும் மட்டும் இருந்ததாம். பிறகு பண்ணைகளைத் துண்டு துண்டாக விற்றார்கள். துண்டுக்கொரு வீடு வந்தது, வீட்டுக்கொரு கார் வந்தது, கடைசியில் நாங்களும் வந்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊர் வரலாற்றுக் குழு நூலகத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியது. வில்லேஜ் எப்படி வளர்ந்தது, யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு புத்தகம் போடப் போகிறார்களாம். குடும்பத்துக்கு ஒரு பக்கம். வயது வந்த ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். நூலகத்துக்குத் தினமும் பத்திரிகை பார்க்கப் போகிற அப்பா நாலு படிவங்களை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். எண்பது வயது தாண்டிய மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மேசையில் குந்திவிட்டார்.

அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஸ்டேஷன் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் என் மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. என் கணவர் எந்தப் படிவத்தையும் நிரப்பாத மனிதர் என்பது அப்பாவுக்குத் தெரியும். அவருக்கு எடுத்து வரவேயில்லை.

"புத்தகத்திலை பேர் வந்தா சோறு வேகுமோ?" என்று அம்மா கேட்டார்.

"நாங்களும் உந்த ஊர்ச் சனம்தானே. ஒரு பக்கம் எங்களுக்கும் வரட்டுமன்," என்றார் அப்பா.

நான் கறி அடுப்பில் இருந்த நேரத்தில் ஐந்து நிமிடத்தில் என்னுடையதை எழுதி முடித்தேன். இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. கர்க்லாண்டில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். வீடு விற்கிற, வாங்குகிற உறுதிப் பத்திரங்களில் பெயரும் திகதியும் சரியா என்று பார்ப்பதுதான் என் தொழில். ஒரு திகதி பிழைத்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட நான், நாலு படிவங்களையும் ஒன்றாக வைத்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

மார்ச் மாதம், வாசலில் பனி அழுக்காகிக் கிடந்த ஒரு நாள், புத்தகத்தின் முதல் நகலை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிழை இருந்தால் திருத்தித் தரலாமாம். அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தைத் தேடினார். கொஞ்ச நேரம் தேடினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

எங்களுக்கு ஒரு பக்கம் இல்லை. நாலு பக்கம் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆளுக்கு ஒரு பெயர், அதோடு தகப்பனின் பெயர். அவ்வளவுதான். அப்பாவின் பெயரோடு அவருடைய தகப்பனின் பெயர். என் பெயரோடு அப்பாவின் பெயர். அம்மா கலியாணத்துக்குப் பிறகு அப்பாவின் பெயரைப் போட்டுக்கொண்டுதான் இங்கே வந்தார். ஆனால் இந்த மாகாணத்தில் கலியாணம் செய்தாலும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் சட்டம். அட்டைகளில் எல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு அதில் ஒரே புளுகம், அப்படி ஒரு சந்தோஷம். "என்ரை ஐயாவின்ரை பேரைத் திருப்பித் தந்திருக்கிறாங்கள்" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் மகள் இங்கே பிறந்தவள். இங்கே பிள்ளைக்குத் தாய் தகப்பனுடைய குடும்பப் பெயரைத்தான் வைக்க விடுவார்கள்; நாங்கள் என் கணவருடையதை வைத்தோம், அது அவருடைய தகப்பனின் பெயர். ஆகவே அவளுக்குப் பின்னால் நிற்பது என் கணவருடைய தகப்பன். வாழ்நாளில் பனியைக் கண்ணால் காணாத ஒரு மனிதர், இந்த வில்லேஜில் ஒரு பரம்பரைக்குத் தலைவராகிவிட்டார்.

ஆக, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நாங்கள் நாலு பேரும் உண்மையைத்தான் எழுதியிருந்தோம். குழு அந்த உண்மையை அகர வரிசையில் அடுக்கியிருந்தது. அம்மாவின் பக்கத்தில், அவர் இலங்கையிலிருந்து தனியாக வந்து குடியேறிய துணிச்சலான பெண். என் பக்கத்தில் நானும், நான் சேர்த்து எழுதிய என் தம்பியும், பெற்றோர் பற்றிய விபரம் இல்லை. மகளின் பக்கத்தில் அவள் மட்டும், வானத்திலிருந்து விழுந்தவள் போல.

அப்பாவின் பக்கம்தான் உச்சம். நாங்கள் கத்தோலிக்கர். அப்பாவின் தகப்பனுக்கு ஒரு புனிதரின் பெயர். அதே புனிதரின் பெயர் மன்னாரிலிருந்து வந்த இன்னொருவரின் தகப்பனுக்கும். அந்த மன்னார்க்காரர் இந்த வில்லேஜின் மறுபுறம் இருக்கிறார். கோவிலில் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். குழு இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் போட்டு, அவரை அப்பாவின் மூத்த சகோதரர் ஆக்கிவிட்டது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். "வா தம்பி, இத்தினை வருசமா என்னைத் தெரியாத மாதிரி நடிச்சுப்போட்டாய்!"

எல்லோரும் சிரித்தோம். நானும் வயிறு நோகச் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. காரில் ஏறி இருந்துகொண்டு நேரே பார்த்தபடி சொன்னார்.

"எங்களை ஒருக்காப் பிரிச்சது காணாதோ?"

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

நான் சொல்ல வேண்டியது இந்தப் பழைய கதையைத்தான். அப்பா முதலில் தனியாகத்தான் கனடா வந்தார். மொன்றியல் நகருக்குள், கோட்-டெ-நெய்ஜில், ஓர் அறையில் ஆறு பேரோடு இருந்து, பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரித் தரை கழுவினார். பிறகு இந்த வில்லேஜின் கோல்ஃப் கிளப் சமையலறையில் வேலை கிடைத்தது. நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்று கடுதாசி வந்தவுடன் எங்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு வாடகை அறையில் காத்திருந்தோம். நாலு மாதத்தில் விசா வரும் என்றார்கள். நாலாம் மாதம் வந்தது ஒரு கேள்வி. பிள்ளைகளின் குடும்பப் பெயர் தகப்பனின் குடும்பப் பெயர் இல்லையே, ஏன்?

என் அப்பா என் அப்பாதான் என்று நிரூபிக்க இரண்டு வருடம் எடுத்தது. எனக்குப் பதினொரு வயதில் தொடங்கி பதின்மூன்று வயதில் முடிந்தது. பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு, பங்குத் தந்தையின் கடிதம், கலியாணப் படம், அந்தப் படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று சத்தியக் கடுதாசி. ஒவ்வொரு தடவையும் இன்னொரு கடுதாசி கேட்டார்கள். தம்பி அப்பாவின் முகத்தையே மறந்துவிட்டான். விமான நிலையத்தில் அவன் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டான். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அப்பா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போது அதே கேள்வி, இன்னொரு படிவத்தில், அச்சடித்துப் புத்தகமாக வருகிறது. வீட்டுக்கு வந்ததும் அப்பா முடிவாகச் சொன்னார். "ஒரு பக்கத்திலை எல்லாரையும் போட்டாப் போடச் சொல்லு. இல்லாட்டி என்ரை பேரை எடுத்துவிடச் சொல்லு, பிள்ளை. எனக்கு அந்தப் புத்தகம் வேண்டாம்."

"நான் போய்க் கதைக்கிறன் அப்பா."

"சண்டை பிடிக்காமல் கதை," என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார். அம்மாவுக்கு என்னைத் தெரியும்.

குழுவின் தலைவி எழுபது தாண்டிய ஆங்கிலேயப் பெண். உயரம், மெலிவு, எந்தக் காலநிலையிலும் ரப்பர் பூட்ஸ். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருக்கிற வீடு ஒரு காலத்தில் அவருடைய தகப்பனாரின் பண்ணையில் வேலைக்காரருக்குக் கட்டிய மர வீடு. அப்பா அதை அவர் தகப்பனிடம் வாடகைக்கு எடுத்து, பிறகு விலைக்கு வாங்கி, பின்பக்கம் இரண்டு அறை கூட்டிக் கட்டினார். அந்தப் பழக்கத்தில் அவர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். நான் விளக்கினேன். கடுதாசியில் கோடு போட்டு, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புரிகிறது. ஆனால் புத்தகம் குடும்பப் பெயர் வரிசையில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு மட்டும் எந்தப் பெயரைத் தலைப்பாகப் போடுவது?"

"எதையாவது போடுங்கள்."

"எதையாவது போட முடியாது. வாசிப்பவர்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான்."

விதி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. உங்கள் விதிக்காக என் அப்பா ஏற்கெனவே இரண்டு வருடத்தை விலையாகக் கட்டிவிட்டார், அதற்கு மேல் கட்ட மாட்டார் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்தது. நான் சொன்னது எதைப் பற்றி என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அம்மா சொன்னது சரிதான், எனக்குக் கதைக்கத் தெரியாது.

மூன்று நாள் நான் அந்த நகலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசித்தேன். நல்ல எண்ணத்தில் இல்லை. தலைவியின் பிழையைப் பிடித்து முகத்தில் அடிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். மதிய இடைவேளையில் அலுவலகத்தில் வைத்து வாசித்தேன். தேவாலயத்தின் கல் எந்தக் குழியிலிருந்து வந்தது, ரயில் நிலையத்தைக் குதிரை வண்டியில் எப்படி நகர்த்தினார்கள், கோடைக்கு வந்து தங்கிய பணக்காரர்கள் எப்போது நிரந்தரமாக இருந்தார்கள் என்பதெல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை பண்ணைக் குடும்பங்கள் பகுதிக்கு வந்தேன். அவருடைய சொந்தப் பண்ணை. ஐந்து தலைமுறை. அவருடைய தகப்பன் வரை வந்து ஒரு வரியோடு முடிந்திருந்தது: ஆண் வாரிசு இல்லாததால் இந்தக் குடும்பத்தில் இன்று ஊரில் எவரும் இல்லை.

திரும்பவும் வாசித்தேன். எவரும் இல்லை. அப்படியானால் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எனக்குத் தேநீர் ஊற்றியது யார்? அந்த வீட்டில் பிறந்து, அந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இன்று வரை இருக்கிற பெண், ஒன்ராறியோவிலிருந்து வந்த கணவரின் குடும்பப் பெயரில், வேறொரு பக்கத்தில், மூன்று வரியில் இருந்தார். கணவர் காலமாகி எத்தனையோ வருடம். தான் போட்ட விதியைத் தனக்கும் போட்டு, தன்னைத் தன் வீட்டிலிருந்தே வெளியேற்றியிருந்தார்.

அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு போனவள், அந்த வரியைக் கண்டதும் கையை இறக்கிவிட்டேன். வேலை முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் சிரிக்கவில்லை. நான் அந்தப் பக்கத்தை விரித்து நீட்டினேன்.

"இந்த வரி பிழை."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசித்தார். "இல்லை, சரிதான். என் தகப்பனுக்கு மகன் இல்லை."

"நீங்கள் இருக்கிறீர்களே."

அவர் அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு, மிகவும் சின்னக் குரலில், அப்படித்தான் எப்போதும் எழுதுவார்கள் என்றார். தேவாலயப் பதிவிலும் அப்படித்தான், கல்லறைக் கல்லிலும் அப்படித்தான் என்றார். உள்ளே வரச் சொன்னார். இந்த முறை தேநீரைக் குடித்தேன். என் அப்பாவின் இரண்டு வருடக் கதையை அன்றைக்குத்தான் ஒழுங்காக, கத்தாமல் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நீளக் குழாய், அதற்குள் பண்ணையைத் துண்டு போட்ட பழைய வரைபடம். அப்பாவிடம் நேரே மன்னிப்புக் கேட்டார். அப்பாவுக்கு அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாது. "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று சொல்லி, அம்மா பொரித்து வைத்த ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் தள்ளிக்கொண்டேயிருந்தார். அவரும் மரியாதைக்காக ஒன்று, பிறகு உண்மையாகவே நாலு சாப்பிட்டார்.

ஆனால் சிக்கல் சிக்கலாகவே இருந்தது. எங்கள் பக்கத்துக்கு என்ன தலைப்பு? அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார். எதைப் போட்டாலும் யாரோ ஒருவர் வெளியே நின்றார்.

அப்பா இதற்குள் வரைபடத்தில் மூழ்கிவிட்டார். விரலை வைத்து ரயில்பாதையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எங்கள் வீட்டுத் துண்டுக்கு வந்தார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு எண், சிலவற்றில் பென்சிலில் எழுதிய ஒரு சொல். கிணற்று நிலம், குதிரை நிலம், ஆப்பிள் நிலம்.

"உதெல்லாம் வளவுதானே!" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று தலைவி கேட்டார்.

"இல்லைப் பிள்ளை, நீ சொல்லு அவவுக்கு. எங்கடை பக்கம் புதுசா ஒராளைக் கண்டால் ஆரின்ரை மகன் எண்டு பேந்துதான் கேப்பம். முதல்லை கேக்கிறது எந்த வளவு எண்டு. வளவைச் சொன்னாக் காணும், அதுக்குள்ளை இருக்கிற எல்லாரும் அதுக்குள்ளை வந்திடும்."

வளவு என்றால் வீடும் அதைச் சுற்றிய காணியும் என்று தொடங்கி நான் மொழிபெயர்த்தேன். அப்பா சொன்னது சின்ன விஷயம், நான் தொழில்காரி, இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் உறுதியில் ஒரு பெயர் இருக்கும். ஆள் சாவார், பெண் கட்டிப் போவாள், காணி கைமாறும், பெயர் மாறாது. காணியின் பெயரைச் சொன்னால் அங்கே இருந்தவர், இருக்கிறவர் எல்லோரையும் அடையாளம் கண்டுவிடலாம்.

தலைவி ஐந்தாவது ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தையே பார்த்தார். "ஊர் வளர்ந்ததே இப்படித்தான்," என்றார். "துண்டு துண்டாக. வீடு வீடாக." பிறகு, எங்களிடம் இல்லை, தனக்குத்தானே: "வீட்டு வரிசையில் போட்டால், பண்ணை வீட்டுப் பக்கத்தில் நானும் வருவேன்."

குழுவில் இரண்டு கூட்டம் சண்டை நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அகர வரிசை பிடித்தவர்களைச் சமாதானப்படுத்த, கடைசியில் பெயர்ப் பட்டியல் ஒன்று தனியாகச் சேர்ப்பதாக ஒத்துக்கொண்டார்கள். மற்றபடி புத்தகம் தலைகீழாக மாறியது. வீட்டுக்கு ஒரு பக்கம். கட்டிய ஒழுங்கில். அங்கே இருந்தவர்கள் எல்லோரும், யாராயிருந்தாலும், எவ்வளவு காலமாயிருந்தாலும்.

அந்தக் கோடைகாலம் மாதிரி ஒரு கோடையை நான் இந்த ஊரில் கண்டதில்லை. ஆட்கள் கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் முந்தி யார் இருந்தார்கள் தெரியுமா என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். டெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை நடத்துகிற சீனக் குடும்பத்தின் வீடுதான் ஊரின் முதல் தபாற்கந்தோர் என்று தெரியவந்தது. அந்த வீட்டுக்காரர் பழைய கடிதப் பெட்டியின் துளையைச் சுவரில் கண்டுபிடித்து, வருகிறவர் எல்லோருக்கும் காட்டினார். மூலையில் இருந்த பிலிப்பினோ நர்ஸின் வீட்டில் பிறந்த ஒரு கிழவர் கல்கரியிலிருந்து தொலைபேசி எடுத்து, பின்வாசல் படி இன்னும் ஆடுகிறதா என்று கேட்டாராம். ஆடுகிறது. அடுத்த தெருவில் ஒரு பிரெஞ்சுப் பெண், ஆங்கிலேயப் புத்தகத்தில் தனக்கென்ன வேலை என்று முகத்தை நீட்டிக்கொண்டிருந்தவர், தன் வீட்டைக் கட்டிய தச்சனே ஒரு பிரெஞ்சுக்காரன் என்று அறிந்ததும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். என் மகள் தன் குடியிருப்பின் ஐந்து மாடிக்கும் ஏறி இறங்கி, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தனக்கு வருகிற அரைத் தமிழிலும் பெயர் சேர்த்தாள். சின்ன வயதில் தமிழ் சொல்லித்தா என்று ஒரு நாளும் கேட்காதவள், இப்போது, "அம்மா, வளவை பிரெஞ்சிலை எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

மன்னார் அண்ணருக்கு மட்டும் கொஞ்சம் மனவருத்தம். "அப்ப நாங்கள் பிரிஞ்சிட்டமோ?" என்று கோவிலில் அப்பாவிடம் கேட்டார். இந்த முறை அப்பா சிரித்தார். இப்போது இருவரும் பூசை முடிந்ததும் ஒன்றாகக் கோப்பி குடிக்கப் போகிறார்கள். அச்சுப் பிழையில் கிடைத்த அண்ணன் நிலைத்துவிட்டார்.

புது ஒழுங்குக்குப் புதுப் படிவம். இந்த முறை வீட்டுக்கு ஒன்று. மேலே வீட்டு இலக்கம். கீழே மூன்று நிரல்கள்: பெயர், எப்போதிலிருந்து, எப்போது வரை. அப்பா தானே எழுதுவதாகச் சொன்னார். நான்தான் சரிபார்ப்பேன் என்றேன். இனி ஒரு பிழையும் என் வீட்டிலிருந்து வெளியே போகக்கூடாது.

அப்பா முதலில் பண்ணைத் தொழிலாளிகளின் பெயர்களை எழுதினார், தலைவி கொடுத்தபடி. ஓர் ஐரிஷ் குடும்பம், பிறகு ஒரு போலந்துக்காரர். அதன் கீழே எங்களை எழுதினார். அப்பா, அம்மா, நான், தம்பி. தம்பிக்கு நேரே, அவன் லொங்குய்ய் நகருக்குக் குடிபோன ஆண்டு. பிறகு என் கணவர், என் மகள், அவள் தனியாகக் குடிபோன ஆண்டு. குடும்பப் பெயர் ஒன்றும் இல்லை, ஆளுக்கு ஒரு பெயர்தான். எல்லோரும் ஒரே பக்கத்தில். எழுதி முடித்ததும் பேனையை மூடி வைத்துவிட்டு, கையை மேசையில் ஊன்றிக்கொண்டு இருந்தார்.

நான் வாசித்தேன். வழக்கம்போலத் திகதியில் கண் போனது.

"அப்பா, உது பிழை."

"எது?"

"நாலு பேருக்கும் ஒரே வருசம் போட்டிருக்கிறியள். நாங்கள் வந்தது அதுக்கு இரண்டு வருசம் பேந்து. நீங்களும் அப்ப கோட்-டெ-நெய்ஜிலை எல்லோ இருந்தனீங்கள்?"

"இல்லை. நான் இந்த வீட்டை எடுத்தது அந்த வருசம்தான்."

எனக்கு இது புதிது. நாங்கள் வருகிற கிழமைதான் அப்பா இந்த வீட்டை எடுத்தார் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும். கடிதத்திலை விலாசம் மாறினது," என்றார் அம்மா, உள்ளிப்பூண்டை உரித்தபடி.

"விண்ணப்பம் போட்டவுடனை எடுத்தனான்," என்றார் அப்பா. "நாலு மாசத்திலை வருவியள் எண்டு சொன்னவை. வரேக்கை வீடு இருக்க வேணுமெல்லே."

"சரி அப்பா, அப்ப உங்கடை வருசம் சரி. எங்கடை மூண்டு பேற்றையும் மாத்த வேணும். நீங்கள் மட்டும்தானே இருந்தனீங்கள்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. படிவத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

"நான் இந்த வீட்டிலை தனிய இருக்கேல்லை, பிள்ளை. வந்த அண்டைக்கே மூண்டு கட்டில் போட்டிட்டன். எங்களுக்கு ஒண்டு, உனக்கு ஒண்டு, தம்பிக்கு ஒண்டு. ஞாயிற்றுக்கிழமையளிலை எல்லாத்துக்கும் விரிப்பு மாத்துவன். ஒருதரும் படுக்காட்டிலும் தூசி படியும்தானே. இரண்டு வருசமும் மாத்தினனான்."

அம்மாவின் கையில் உள்ளி அப்படியே நின்றது. இது அம்மாவுக்கும் தெரியாது போலிருந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். அப்பா அதே இடத்தில் இருந்தார். நான் ஒரு வருடத்தையும் திருத்தாமல் படிவத்தை எடுத்து உறைக்குள் வைத்து ஒட்டினேன்.

பத்து நாள் கழித்துத் தலைவி தொலைபேசி எடுத்தார். அவரும் என்னைப் போலத்தான், எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்கிறவர்.

"ஒரு சின்ன விஷயம்," என்றார். "நீங்கள் கனடா வந்த வருடம் என்று முதல் படிவத்தில் எழுதியதற்கும், இந்த வீட்டில் குடியேறிய வருடம் என்று உங்கள் தகப்பன் எழுதியதற்கும் இரண்டு வருடம் இடிக்கிறது. வர முன்னரே இங்கே இருந்ததாக வருகிறது. எதை அச்சடிப்பது? எது சரி?"

"அப்பா எழுதியதுதான் சரி," என்றேன்.